ஆகாய வழியின் தூரமும் நேரமும்



மலைநாட்டுப் பாடசாலை ஒன்றின் அதிபராகிய நான் ஆகாய விமானங்கள் செல்லும் தூரத்தைப் பற்றியும், அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றியும் பேச முற்பட்டிருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கலைப் பட்டதாரி. வரலாறும் புவியியலும் கற்றவன். கணிதம் என் துறையன்று. ஆயினும் இந்தக் கணக்கை என்னிடம் கொண்டு வந்தவர்கள் என் மாணவர்கள். அவர்கள் அதைப் பாடப் புத்தகத்திலிருந்து கொண்டு வரவில்லை. தங்கள் வீடுகளிலிருந்து கொண்டு வந்தார்கள்.

நம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தூரம் என்பது எத்தனை நாள் நடை என்பதே. அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கோ வழி கட்டுநாயக்காவிலிருந்து தொடங்குகின்றது. இன்று ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் ஏதேனும் ஒரு வகுப்பறையிற் புகுந்து, உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு சென்றவர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பல கைகள் உயரும். தாய் டுபாயில், தமக்கை குவைத்தில், மாமன் கட்டாரில் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆகவே, அம்மா எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார் என்பது அவர்களுக்குப் பரீட்சை வினா அன்று. அன்றிரவு வீட்டில் உறங்காமல் இருப்பவர்களின் வினா.

அந்த வினா பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "சேர், அம்மா இரவு பத்து மணிக்கு விமானம் ஏறினார். டுபாயில் ஒரு மணிக்கு இறங்கினார். போவதற்கு மூன்று மணி நேரம். லீவில் வரும்போது அங்கே விடியப்புறம் இரண்டரைக்கு ஏறி, இங்கே காலை எட்டேகாலுக்கு இறங்கினார். ஐந்தே முக்கால் மணி நேரம். ஒரே பாதைதானே, சேர்? ஏன் வருவதற்கு மட்டும் இவ்வளவு நேரம்?"

கழித்தலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கழிக்கப்பட்டவை ஒரே கடிகாரத்தின் எண்கள் அல்ல. விமானச் சீட்டிலே புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. உலகம் முழுவதற்கும் உள்ள வழக்கம் இதுவே. இலங்கையின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. டுபாயின் நேரம் நான்கு மணி முந்தியது. இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி. ஆகவே டுபாயில் ஒரு மணி என்றால், ஹட்டனில் இரண்டரை மணி. தாய் சென்ற நேரம் நாலரை மணி. திரும்பும்போது டுபாயின் இரண்டரை மணி இங்கே நான்கு மணி. எட்டேகாலுக்கு இறங்கினால் நாலேகால் மணி. இப்போது போக்கும் வரவும் ஏறத்தாழ ஒத்து வருகின்றன அல்லவா? குவைத்துக்கும் கட்டாருக்கும் சவூதி அரேபியாவுக்கும் வேறுபாடு இரண்டரை மணி. லண்டனுக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்வதனால் நாலரை மணி.

நேர வேறுபாடு நினைவில் இல்லாதவர்களும் இந்தக் கணக்கைச் செய்ய ஒரு வழி உண்டு. போகும்போது கடிகாரம் காட்டிய மூன்று மணியையும், வரும்போது காட்டிய ஐந்தே முக்கால் மணியையும் கூட்டுங்கள். எட்டே முக்கால் மணி. அதைப் பாதியாக்குங்கள். நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம். ஒரு திசையிற் குறைந்த ஒன்றரை மணி மறு திசையிற் கூடியிருப்பதனால், கூட்டும்போது அது தானாகவே கழிந்துவிடுகின்றது. சராசரிப் பயண நேரம் மட்டும் எஞ்சுகின்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்துவிடும். இந்த நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் வேறொரு வழியாகவும் அங்கே வந்து சேருவோம்.

இலங்கையின் ஐந்தரை மணி என்று சொன்னேன். அதுவும் நிலைத்து நின்ற எண் அன்று. 1996 மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, நாடெங்கும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினோம். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தோம். 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினோம். அந்தப் பத்தாண்டுகளில் மார்கழிக் காலையில் இருட்டிலே மலைப்பாதை இறங்கிப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள், நேரம் என்பது மனிதர் வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பதை என் விளக்கம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இனித் தூரத்துக்கு வருவோம்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிமட்டத்தை வைத்துக் கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஒரு கோடு இழுத்தால், அது அராபியாவின் வடபகுதியைக் கடந்து செல்லும். பார்ப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை என்றே தோன்றும். ஆனால் பூமி உருண்டை, படமோ தட்டை. உருண்டையின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்கும்போது எங்கேனும் இழுபட்டே தீரும். தோடம்பழத் தோலை மேசையில் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, கொழும்பில் ஒரு நூலின் முனையைப் பிடித்து, மறுமுனையை லண்டனில் வைத்து இறுக்கிப் பாருங்கள். இறுகிய நூல் தானாகவே மிகக் குறுகிய வழியிற் படியும். அரபிக் கடலைத் தாண்டி, ஈரானைக் கடந்து, கருங்கடலின் மேலாகச் செல்லும். நாற்பது பாகைக் கிழக்கு நெடுங்கோட்டிலே, அடிமட்டக் கோட்டுக்கும் நூலுக்கும் இடையே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வேறுபாடு இருக்கும். நூலின் வழியே உண்மையில் நேர்வழி. புவியியலார் அதைப் பெருவட்டம் என்பர். மாலுமிகள் நெடுங்காலம் பயன்படுத்திய மேர்கேற்றர் எறியப் படத்தின் நேர்கோட்டைப் பின்பற்றினால், லண்டனுக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வீணாகப் பறக்க நேரிடும்.

நூலை அளந்தும் பார்க்கலாம். பள்ளிக்கூடங்களில் உள்ள பூகோள உருண்டை பொதுவாக முப்பது சென்ரிமீற்றர் விட்டம் உடையது. அதன் நடுக்கோட்டைச் சுற்றி நூலைக் கட்டினால் 94 சென்ரிமீற்றர் வரும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஆகவே உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர், பூமியில் 425 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து லண்டன் இருபதரைச் சென்ரிமீற்றர். அதாவது ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். டுபாய் ஏழே முக்காலுக்குச் சற்றுக் குறைவு; ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் டுபாய் விமான நிலையத்துக்கும் இடையே கணிதர்கள் முக்கோணகணிதத்தால் கணித்துச் சொல்லும் தூரமும் இதுவே. ஒரு முழ நூலுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

நூலும் வேண்டாத சந்தர்ப்பம் ஒன்றுண்டு. இரண்டு ஊர்கள் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருந்தால், அகலக்கோட்டு வேறுபாடே போதும். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ பதின்மூன்று பாகை வடக்கில் உள்ளது. கட்டுநாயக்கா ஏழு பாகைக்கும் சற்று மேல். இடைவெளி 5.8 பாகை. ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படி அமைந்ததுதான். எனவே 5.8 ஐ அறுபதாற் பெருக்கினால் 348 கடல் மைல், கிலோமீற்றரில் 645. 1947 டிசம்பரில் எயர் சிலோன் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. அந்த வழி அவ்வளவு குறுகியது. ஆனால் 1964 ஒப்பந்தத்தின் பின் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் உறவினர்கள், ரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கே காத்திருந்து, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மீண்டும் ரயிலேறிச் சென்றார்கள். 645 கிலோமீற்றர் அவர்களுக்கு நாட்கணக்காக நீண்டது. தூரம் ஒன்றாக இருந்தாலும், யார் எதில் ஏறுகிறார் என்பதைப் பொறுத்தே நேரம் அமைகின்றது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இது யாவரும் அறிந்ததே. பெரிய ஜெற் விமானம் உயரே சென்றபின் மணிக்கு 850 கிலோமீற்றர் அளவில் செல்லும் என்று கொள்ளலாம். 3,290 ஐ 850 ஆல் வகுத்தால் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். ஆனால் விமானம் வாயிலை விட்டு நகர்ந்தவுடனே 850 இற் செல்வதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும், மேலேற வேண்டும், மறுமுனையில் வேகத்தைக் குறைத்து, சில வேளைகளில் வட்டமிட்டு, இறங்கி மீண்டும் ஊர வேண்டும். இவற்றுக்காக ஏறத்தாழ அரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம். சீட்டிலுள்ள இரண்டு நேரங்களைக் கூட்டிப் பாதியாக்கியபோது வந்த விடையும் இதுதான். நூலும் கடிகாரமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே சாட்சியம் சொல்கின்றன. நான் வகுப்பில் இந்த இடத்தில் சிறிது நேரம் பேசாமல் நிற்பது வழக்கம்.

போகும்போது நாலரை, வரும்போது நாலேகால் என்ற சிறு வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் காற்று. அராபியாவின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், குறிப்பாகக் குளிர்கால மாதங்களிலே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுகின்றது. எதிர்த்துச் செல்பவனுக்கு அது தடை. திரும்பி வருபவனுக்குத் துணை. லண்டனுக்குப் போக ஏறக்குறையப் பதினொரு மணி நேரம் என்றால், வருவதற்கு அதிலும் குறைவாக இருப்பதன் காரணமும் இதுவே. இன்னொன்றும் உண்டு. நூல் காட்டும் வழியிலே நாடுகள் இருக்கின்றன. நாடுகளில் போர்கள் நிகழ்கின்றன. 2022 பெப்ரவரியில் உக்ரேனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. கொழும்பு-லண்டன் நூல் கருங்கடலைக் கடந்து அந்நாட்டின் தென்மேற்கு விளிம்பைத் தொட்டே செல்கின்றது. விமானி சுற்றித்தான் போக வேண்டும். பூகோள உருண்டை அரசியலை அறியாது.

நம்மவர்க்கு இந்தக் கணக்கில் மிகக் கடினமான பகுதி ஆகாயத்தில் இல்லை, தரையில் இருக்கின்றது. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குக் காகம் பறக்கும் வழியே ஏறத்தாழ 85 கிலோமீற்றர்தான். உருண்டையில் இரண்டு மில்லிமீற்றர். ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிச் சென்றால் 140 கிலோமீற்றர் அளவில் வரும்; மழைநாளில் மண்சரிவு இல்லாதிருந்தால் ஐந்து மணி நேரம். பத்து மணி விமானத்துக்கு ஏழு மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். எனவே ஹட்டனை இரண்டு மணிக்கு விட வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து பெட்டியைச் சுமந்து பெருந்தெருவுக்கு வர ஒரு மணி. ஆக, பகல் ஒரு மணிக்குப் பிள்ளைகளிடம் விடைபெற்ற தாய், நம் நேரப்படி மறுநாள் அதிகாலை இரண்டரைக்கு டுபாயில் இறங்கி, வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து வெளியே வரும்போது நான்கு மணி. பதினைந்து மணி நேரத்திலே பறந்தது நாலரை. பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இந்த முழுக் கணக்கையே. இரவு இரண்டரைக்குத் தொலைபேசி ஒலிக்கவில்லையென்று அழ வேண்டியதில்லை. நான்கு மணி வரை பொறுக்கலாம் என்று அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மைல் இரண்டு வகை. தரை மைல் 1.609 கிலோமீற்றர்; கடல் மைல் 1.852 கிலோமீற்றர். ஆகாய வழியில் பெரும்பாலும் கடல் மைலே வழங்குகின்றது. இரண்டையும் மயக்கினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

இரண்டாம் உலகப் போரிலே, 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாயத் தொடர்பு அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, குவான்ரஸ் நிறுவனம் 1943 முதல் 1945 வரை கற்றலீனா என்னும் கடல் விமானங்களைப் பேர்த் நகரத்துச் சுவான் ஆற்றிலிருந்து காலி மாவட்டத்துக் கொக்கல வாவிக்குச் செலுத்தியது. இடையில் தங்கிச் செல்ல ஓர் இடமும் இல்லை. எதிரியின் காதுக்கு எட்டாதிருக்க வானொலியை மௌனமாக்கி, இரவிலே விண்மீன்களைப் பார்த்து வழி கணித்தார்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. ஒருமுறை பறக்க இருபத்தேழு முதல் முப்பத்துமூன்று மணி நேரம் ஆயிற்று. ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டதனால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் நிலைத்தது. இவ்வாறு 271 தடவை கடலைத் தாண்டினார்கள்.

அந்த வழியின் தூரத்தைச் சில நூல்கள் 3,513 கடல் மைல் என்று எழுதுகின்றன. அதாவது 6,506 கிலோமீற்றர். உருண்டையில் பதினைந்தே கால் சென்ரிமீற்றர் வர வேண்டும். நூலை வைத்து அளந்தால் பதின்மூன்றே கால்தான் வருகின்றது. பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையிலான கோணம் ஐம்பத்தொரு பாகைக்குச் சற்றுக் குறைவு; அறுபதாற் பெருக்கினால் ஏறத்தாழ 3,050 கடல் மைல்; கிலோமீற்றரில் 5,650. அதைத் தரை மைலாக்குங்கள்: 3,510 அளவில் வருகின்றது! ஆகவே முதலில் எழுதியவர் தரை மைலில் எழுதியிருக்க வேண்டும். பின்வந்த யாரோ அதற்குக் கடல் மைல் என்று பெயரிட்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு. அச்சிட்ட எண் என்பதற்காக அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு மணி நேரத்தால் 5,650 ஐ வகுத்தால் மணிக்கு 200 கிலோமீற்றர். கற்றலீனாவின் நடைக்கு அது பொருந்துகின்றது.

நூலில் ஏற்பட்ட பிழையை நூலால் திருத்தலாம். ஆகாயத்தில் ஏற்படும் பிழை அத்தகையதன்று. அதற்குச் சான்று நம் மலைகளிலேயே நிற்கின்றது.

நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையில் ஏழு சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஏழு கன்னியர் மலை என்றும் சப்த கன்னி என்றும் அழைக்கப்படும் அத்தொடரிலே, 1974 டிசம்பர் 4 ஆம் திகதி, இரவு பத்து மணி கடந்த வேளையில் ஒரு ஜெற் விமானம் மோதியது. நெதர்லாந்தின் மார்ட்டின்எயர் நிறுவனத்துக்குரிய டி.சி.-8 விமானம் அது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்கு ஹஜ் யாத்திரை செல்பவர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பில் இறங்கி, ஜித்தா நோக்கிச் செல்ல இருந்தது. பயணிகள் 182 பேர், பணியாளர் 9 பேர். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடம் சேராத குழந்தை. ஆயினும் அந்த மலையைக் காணும் தோறும் முதியோர் அந்த இரவைப் பற்றிப் பேசக் கேட்டே வளர்ந்தேன். விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கின்றது.

இயந்திரம் பழுதாகவில்லை. விசாரணையில் கண்ட காரணம் வேறு. விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் தாம் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாக உணர்ந்து, காப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே அது. கட்டுநாயக்காவை நெருங்கிவிட்டதாக எண்ணி இறங்கினார்கள். கட்டுநாயக்காவோ இன்னும் 74 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. நடுவே நம் மலைநாடு.

தம் இருப்பிடத்தை அறிய அவர்கள் பெரிதும் நம்பியிருந்தவை விமானத்திலிருந்த டொப்ளர்க் கருவியும் வானிலை ராடரும். டொப்ளர்க் கருவி தரையை நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்தைக் கொண்டு தரைக்கு மேலான வேகத்தை அறிகின்றது. அந்த வேகத்தைப் பறந்த நேரத்தாற் பெருக்கி, இவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்கின்றது. அதாவது நாம் வகுப்பில் செய்யும் அதே கணக்கு. அதன் குறை என்னவென்றால், வேகத்தில் உள்ள சிறு பிழை ஒவ்வொரு நிமிடமும் சேர்ந்துகொண்டே போகும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு ஒவ்வொரு கூடைக்கும் கொஞ்சம் குறைத்துக் காட்டினால், மாத முடிவில் எத்தனை கிலோ காணாமற் போகும் என்பது நம் பெண்களுக்கு நன்கு தெரியும். ஒரு கூடையில் தெரியாதது மாதக் கணக்கில் தெரியும். ராடர்த் திரையிலோ காணும் உருவத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியவர் மனிதர். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள இடமுண்டு.

சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். அவர்கள் நாலரை மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்திருந்தார்கள். 74 கிலோமீற்றர் என்பது அந்தத் தூரத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. பரீட்சைத் தாளில் நூற்றுக்கு இரண்டு பிழைத்த விடைக்கு நான் முழுப் புள்ளியும் கொடுத்துவிடுவேன். விமானத்தின் வேகத்தில் அது ஐந்தாறு நிமிடம். உருண்டையில் நூலை வைத்தால், சுரபாயாவிலிருந்து கொழும்பு வரை ஒன்பதரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு; ஏழு கன்னியர் மலைக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையிலான பகுதி இரண்டு மில்லிமீற்றரும் இல்லை. நூலின் நுனியில் போட்ட முடிச்சுக்குள் அது மறைந்துவிடும்.

ஆகையால்தான், நெடுந்தூரத்தை விமானம் தன் கணக்கால் கடந்தாலும், இறுதித் தூரத்தைத் தரையிடம் கேட்டு அறிய வேண்டும். விமானம் ஒரு வானொலித் துடிப்பை அனுப்புகின்றது. தரையிலுள்ள நிலையம் உடனே மறுமொழி தருகின்றது. போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரம் அளக்கப்படுகின்றது. வானொலி அலை ஒரு விநாடியில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வதனால், 74 கிலோமீற்றர் போய்த் திரும்ப ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு போதும். இந்த அளவிலே சேர்ந்துவரும் பிழை கிடையாது; நாலரை மணி நேரம் பறந்து வந்தாலும், நாற்பது மணி நேரம் பறந்து வந்தாலும், கேட்கும் கணத்தின் தூரத்தையே அது சொல்லும். இன்றைய விமானங்கள் செய்மதிகளிடமிருந்தும் தம் இருப்பிடத்தைப் பெறுகின்றன. முன்னே மலை இருந்தால் எச்சரிக்கும் கருவியும் அவற்றில் உண்டு.

கிழக்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வரும் விமானங்கள் சில இன்றும் இரவிலே நம் மலைகளின் மேலாகச் செல்கின்றன. அவற்றின் விளக்குகளை லயத்து வாசலிலிருந்து காணலாம். அந்த ஏழு சிகரங்களுக்கு நேர் மேலே ஒன்று வரும்போது, அது இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் நாற்பது கடல் மைல் இருக்கின்றது. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளைகள் பூகோள உருண்டையில் முதலில் அளக்க விரும்புவது லண்டனையும் டுபாயையும்தான். நான் அவர்களைச் சுரபாயாவையும் அளக்கச் சொல்கிறேன்.